பேரீச்சம்பழத்துக்கும் ஊசிக்கும் இடையில்

பிரசவத் தேதி வந்தும் வலி வராத பெண்ணுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இராது. பேரீச்சம்பழம் சாப்பிடு, விளக்கெண்ணெய் ஒரு மடக்கு குடி, மாடிப்படி ஏறி இறங்கு, குனிந்து வீடு துடை என்று உறவினர்களும் யூடியூப் காணொளிகளும் போட்டி போடுவார்கள். அன்னாசிப்பழத்தைக் கருக்கலைந்துவிடும் என்று மூன்றாம் மாதத்தில் கண்ணிலேயே காட்டாத அதே வீடு, பத்தாம் மாதத்தில் நறுக்கித் தட்டில் வைத்து நீட்டும். இரண்டு நம்பிக்கைக்குமே ஆதாரம் கிடையாது என்பது வேறு விஷயம். மறுபக்கம் மருத்துவமனை, "நாள் தாண்டிடுச்சு, காலையில வந்து அட்மிட் ஆகிடுங்க, வலி வர மருந்து வெச்சிடலாம்" என்கிறது. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கின்றன. இயற்கையா மருந்தா என்று கேள்வி எழும்போதே பாதி வழி தவறிவிடுகிறது. வலியை மருந்தால் தூண்டுவதற்கு உண்மையான மாற்று சமையலறையில் கிடையாது. சரியாகக் கணக்கிட்ட தேதி, கண்காணிப்போடு கூடிய காத்திருப்பு, பிரசவ அறையில் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு துணை ஆகிய மூன்றில்தான் அது இருக்கிறது. இவற்றைத் தர வேண்டியது மருத்துவ அமைப்பு. அது தரத் தவறும் இடத்தில்தான் பேரீச்சம்பழம் இவ்வளவு பெரிய பேச்சாகிறது.

மருந்தால் வலி வரவழைப்பதில் பெண்களுக்கு ஏன் இத்தனை தயக்கம்? ஊசியைவிட, அதைத் தொடர்ந்து வரக்கூடிய அறுவையே அவர்களை அஞ்சவைக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9% சிசேரியன். அதற்கு முந்தைய 2015-16 சுற்றில் அது 34.1%. இந்திய சராசரி 21.5% மட்டுமே. தனியார் மருத்துவமனைகளைத் தனியே எடுத்தால் தமிழ்நாட்டில் 63.8%. அதாவது தனியாரிடம் பிரசவத்துக்குப் போகும் மூன்று பேரில் ஏறக்குறைய இருவர் தையலோடுதான் வீடு திரும்புகிறார்கள். மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அது மேலும் கூடுவதால் தாய் சேய் மரணங்கள் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. எல்லாவற்றையும் காசு பிடுங்கும் வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. காசு வாங்காத அரசு மருத்துவமனைகளிலேயே 36% சிசேரியன் நடக்கிறது. சிக்கலான பிரசவங்கள் அங்கே அனுப்பப்படுவது ஒரு காரணம். ஒரு தாய் இறந்தால் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டிய மருத்துவரின் அச்சம் இன்னொரு காரணம். 2018-20இல் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 என்ற நிலையை எட்டியது இதே மருத்துவமனைகளால்தான். இதை மறந்துவிட்டு இயற்கைப் பிரசவம் பற்றிப் பேசுவது நன்றிகெட்ட பேச்சு.

சரி, வீட்டு வழிகளுக்கு ஆதாரம் என்ன? விளக்கெண்ணெயை முதலில் எடுத்துக்கொள்வோம். பாட்டி காலத்து மருந்து என்ற பெருமை அதற்கு உண்டு. காக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 2013இல் அதை அலசியபோது கிடைத்தவை மூன்றே சோதனைகள், 233 பெண்கள். பிரசவ முடிவில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. எண்ணெய் குடித்த அத்தனை பேருக்கும் குமட்டல் மட்டும் உறுதியாக வந்தது. தாம்பத்திய உறவு வலியைக் கொண்டுவரும் என்று மருத்துவர்களே தாழ்ந்த குரலில் சொல்வதுண்டு. மலேசியாவின் கோலாலம்பூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அப்படி ஆலோசனை சொல்லிப் பார்த்தார்கள். வலி முன்கூட்டி வரவில்லை. அதனால் தீங்கும் இல்லை என்பதால் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். சீரகக் கஷாயம் கொஞ்சம் வேறு ரகம். அது வலியை வரவழைக்கும் மருந்தாக நம் வீடுகளில் தரப்படுவதில்லை. குடித்ததும் அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் கூடினால் பிரசவ வலி என்று பிரித்தறிவதற்காகத் தருகிறார்கள். பொய் வலிக்கெல்லாம் மருத்துவமனைக்கு ஓடிப்போய் அங்கேயே அட்மிட் ஆகி, மறுநாள் டிரிப்ஸில் சிக்கிக்கொள்வதைவிட அரை மணி நேரம் கஷாயத்தோடு காத்திருப்பது நல்ல யோசனைதான். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ மட்டும் அந்த அரை மணி நேரமும் கூடாது.

பேரீச்சம்பழத்தின் புகழ் ஜோர்டானிலிருந்து வந்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வில், கடைசி நான்கு வாரம் தினம் ஆறு பழம் சாப்பிட்ட 69 பெண்களில் 96 சதவீதத்தினருக்குத் தானாக வலி வந்தது; சாப்பிடாத 45 பேரில் 79 சதவீதத்தினருக்கு. ஆனால் யார் சாப்பிடுவது, யார் சாப்பிடாமல் இருப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. மலேசியாவில் 154 பெண்களிடம் குலுக்கல் முறையில் செய்து பார்த்தபோது வலி தானாக வருவதில் வேறுபாடு காணப்படவில்லை. வந்த வலியைக் கூட்டுவதற்கு மருந்து தேவைப்பட்டது மட்டும் குறைந்தது. ஆக, கெடுதல் இல்லாத, சிறிதளவு உதவக்கூடிய உணவு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். தமிழக அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலேயே பேரீச்சம்பழம் உண்டு. அது ரத்தசோகையை மனதில் வைத்துச் சேர்க்கப்பட்டது. இங்கே ஒரு உள்ளூர் எச்சரிக்கையும் தேவை. நீரிழிவு மருத்துவர் வி.சேஷய்யா குழுவினர் 2000களில் நடத்திய பரிசோதனையில் சென்னை நகரக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதத்தினருக்கும், திருவள்ளூர் மாவட்டக் கிராமப்புறத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் அதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இப்போது அவை கிராமமும் இல்லை. சர்க்கரை உள்ள பெண்ணிடம் காணொளி பார்த்துத் தினம் ஏழு பழம் சாப்பிடச் சொல்வது, எந்தத் தூண்டலைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். கட்டுக்கடங்காத சர்க்கரை, பிரசவத்தை முன்கூட்டியே முடிப்பதற்கு மருத்துவர் சொல்லும் நியாயமான காரணங்களுள் ஒன்று.

மார்பகக் காம்பைத் தூண்டுவது பற்றி நம் பத்திரிகைகள் எழுதுவதில்லை. கூச்சம் காரணமாக இருக்கலாம். ஆனால் வீட்டு வழிகளில் உடலியல் அடிப்படை மிகத் தெளிவாக இருப்பது அதற்குத்தான். காம்பு தூண்டப்பட்டால் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரக்கிறது. மருத்துவமனையில் டிரிப்ஸில் ஏற்றுவதும் அதே ஆக்ஸிடோசின்தான். வின்சென்ட் டு வின்யோ 1953இல் அதை ஆய்வகத்தில் உருவாக்கி, 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மூலக்கூறு அளவில் இயற்கை, செயற்கை என்ற வேலியே கிடையாது. எவ்வளவு, எப்படி, யார் கண்காணிப்பில் என்பதில்தான் வேறுபாடு. 2005இல் வெளியான காக்ரேன் ஆய்வில், இதைச் செய்தவர்களில் 37 சதவீதத்தினருக்கு மூன்று நாளில் வலி வந்தது. செய்யாதவர்களில் 6 சதவீதத்தினருக்கு. கருப்பை வாய் ஏற்கெனவே இளகியிருந்தவர்களுக்கு மட்டுமே பலன் கிடைத்தது. ஆபத்து அதிகமுள்ள பெண்களிடம் செய்த ஒரு சிறு சோதனையோ சிசு மரணங்களால் பாதியில் நிறுத்தப்பட்டது. வேலை செய்யும் எந்த முறைக்கும் பக்கவிளைவும் உண்டு. மூலிகைக்கும் இது பொருந்தும், மாத்திரைக்கும் பொருந்தும்.

வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையில் ஒரு முறை இருக்கிறது. உள்பரிசோதனை செய்யும்போது, கருப்பை வாயின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பனிக்குடச் சவ்வை விரலால் சுற்றி விலக்கிவிடுவது. மருந்து இல்லை, படுக்கை வேண்டாம், செய்துகொண்டு வீட்டுக்கே போய்விடலாம். வலி தானாக வரும் வாய்ப்பை இது ஐந்தில் ஒரு பங்கு கூட்டுகிறது. முறையான தூண்டலின் தேவையைக் குறைக்கிறது. 40 வாரம் தாண்டிய எந்தப் பெண்ணுக்கும் சொல்லக்கூடிய முதல் யோசனை இதுவாக இருக்கலாம். சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். உள்பரிசோதனை என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இதைச் செய்துவிடுவதும், பெண் வலியில் துடிக்கும்போது 'கொஞ்சம் பொறுத்துக்கோம்மா' என்பதும் மருத்துவம் ஆகாது. நடைப்பயிற்சிக்கும் ஓரளவு ஆதாரம் சேர்ந்திருக்கிறது. 38ஆம் வாரத்திலிருந்து வாரம் மூன்று முறை அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்த போர்ச்சுகல் பெண்களுக்குத் தூண்டல் குறைவாகவே தேவைப்பட்டதாக 2022இல் ஒரு ஆய்வு வெளியானது. மருத்துவர்கள் இதைத் தாராளமாகச் சொல்கிறார்கள். சி.டி.எச். சாலையில் நிறைமாத வயிற்றோடு எங்கே நடப்பது என்பதை நெடுஞ்சாலைத் துறைதான் சொல்ல வேண்டும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு வரும் பெண்ணுக்கு அங்கே போய்வர நேரமும் தெம்பும் வேண்டுமே.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம் தேதி. 'நாள் தாண்டிவிட்டது' என்ற தீர்ப்பு எந்த நாளிலிருந்து எண்ணப்பட்டது? கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்பது பொதுக் கணக்கு. குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்றுகூடத் தேறுவது கடினம். மாதவிலக்கு ஒழுங்கற்ற பெண்ணுக்கு இந்தக் கணக்கு ஓரிரு வாரம்கூடப் பிசகும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் இதைச் சரிசெய்யும். ஏழாம் எட்டாம் மாத ஸ்கேன் குழந்தையின் அளவுகளை வைத்துச் சொல்லும் தேதியில் பிழை அதிகம். தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்துத் தேதியைத் திருத்திக்கொண்டால், நாள் தாண்டியதற்காகச் செய்யும் தூண்டல் ஏறக்குறைய 40% குறைவதாகக் காக்ரேன் ஆய்வு காட்டுகிறது. எந்தக் கஷாயமும் இவ்வளவு செய்ததில்லை. நம் வழக்கத்தில் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள். அம்பத்தூரில் ஆறு மாதம் பார்த்த பெண் ஆரணிக்கோ திண்டிவனத்துக்கோ போவாள். ஓசூரில் பார்த்தவள் பட்டாபிராமுக்கு வருவாள். கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது அரசு தரும் பிக்மி எண் கூடவே வருகிறது, முதல் ஸ்கேன் தாள் பீரோவில் தங்கிவிடுகிறது. புது மருத்துவர் கையில் இருப்பது கடைசி ஸ்கேனும் பெண்ணின் ஞாபகமும்தான். 41 வாரம் நிறைந்தது 'உறுதியாகத் தெரிந்த' பெண்களுக்கே தூண்டலைப் பரிந்துரைக்கிறது உலக சுகாதார நிறுவனம். சிக்கலில்லாத கர்ப்பத்தில் அதற்கு முன்பு வேண்டாம் என்கிறது. அந்த 'உறுதியாக' என்ற சொல்லைக் காப்பாற்றும் தாள்தான் பீரோவில் கிடக்கிறது.

தூண்டல் அறுவையில் முடியும் என்ற அச்சத்துக்கு வலுவான மறுப்பு உண்டு. தூண்டுவதால் சிசேரியன் கூடும் என்பதே தவறு என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அவர்கள் பக்கம் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 41 மருத்துவமனைகளில் 6,106 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட அரைவ் சோதனையில், 39ஆம் வாரத்தில் தூண்டப்பட்டவர்களில் 18.6% பேருக்கும் காத்திருந்தவர்களில் 22.2% பேருக்கும் அறுவை தேவைப்பட்டது. சுவீடனில் 41 வாரத்தில் தூண்டுவதா, 42 வரை காத்திருப்பதா என்று ஒப்பிட்ட சோதனை, காத்திருந்த குழுவில் ஆறு சிசுக்கள் இறந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டு 2019இல் வெளியானது. 34 சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வில், தூண்டிய பக்கம் 4 சிசு மரணம், காத்திருந்த பக்கம் 25. தூண்டலைப் பழிப்பவர்கள் இந்த 25ஐப் பேசுவதே இல்லை. கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தைப் போல, மருந்தால் வந்த வலி ஏதோ கலப்படம் என்ற எண்ணம் அவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. தேவையான நேரத்தில் செய்த தூண்டல் உயிர் காப்பது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்தச் சான்றை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம்மூர் நர்சிங் ஹோமில் பொருத்த முடியாது. அரைவ் சோதனையில் சேரத் தகுதி பெற்றவர்களில் நால்வரில் ஒருவர்தான் சம்மதித்தார். அங்கே மருந்து வைத்த பிறகு பல மணி நேரம் பொறுத்திருக்கிறார்கள். இதில்தான் எல்லாம் இருக்கிறது. கருப்பை வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, மெலிந்திருக்கிறது, இளகியிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் கூட்டி மதிப்பெண் போடும் முறையை எட்வர்ட் பிஷப் 1964லேயே வகுத்துக்கொடுத்தார். மதிப்பெண் குறைவாக இருக்கும் முதல் பிரசவத்தில், கருப்பை வாயை இளக்க ஜெல் வைத்தாலும் பலூன் வைத்தாலும் வலி பிடிக்கவே ஒரு நாள் ஆகலாம். 24 மணி நேரத்துக்கும் மேலாகவும், பனிக்குடம் உடைத்து ஆக்ஸிடோசின் ஏற்றிய பிறகு 12 முதல் 18 மணி நேரமும் பார்த்த பின்னரே தூண்டல் தோற்றது என்று சொல்ல வேண்டும் என அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் 2014இல் வலியுறுத்தின. மாதத்தில் முப்பது நாளும் தானே பிரசவம் பார்க்கும் ஒரே மருத்துவர், அழைத்தால் மட்டும் வரும் மயக்க மருத்துவர், இரவில் ஒரே செவிலியர் என்று இயங்கும் இடத்தில் இந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? காலையில் ஜெல், மதியம் டிரிப்ஸ், சாயங்காலம் 'தலை இறங்கலை' என்று கதை முடிகிறது. சில வீடுகளில் அதற்குள் நல்ல நேரமும் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் பழியை மருத்துவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. தூண்டல் சிசேரியனைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்ற சண்டைக்கு விடை மருந்துப் புட்டியில் இல்லை, மருந்து ஏற்றிய பின் எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 41 வாரம் என்பது ஐரோப்பிய உடலுக்குப் போட்ட எல்லை, நம் பெண்களுக்குப் பொருந்தாது என்பது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பிரசவப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, தெற்காசியாவில் பிறந்த பெண்களுக்கு 39 வாரத்திலேயே இருக்கும் குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்து, ஆஸ்திரேலியாவில் பிறந்த பெண்களுக்கு 41 வாரத்தில் இருப்பதற்குச் சமம். நம் மருத்துவர்கள் 40 வாரத்திலேயே அவசரப்படுவதற்கு இது வெறும் சாக்கு அல்ல. இதை ஏற்றுக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? எல்லோருக்கும் 39இல் மருந்து வைப்பது ஒரு விடை. 39இலிருந்தே நெருக்கமாகக் கவனிப்பது இன்னொரு விடை: வாரம் இரண்டு முறை குழந்தையின் இதயத் துடிப்பையும் பனிக்குட நீரின் அளவையும் பார்ப்பது, அசைவை எண்ணக் கற்றுக்கொடுப்பது, குறை தெரிந்த நாளிலேயே தூண்டுவது. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. ஆனால் திருவேற்காட்டிலிருந்து எழும்பூருக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ வாரம் இரண்டு முறை பஸ்ஸில் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்றால் எந்தப் பெண்ணும் முதல் விடையையே தேர்ந்தெடுப்பாள். இந்தக் கண்காணிப்பு ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காலை நேரத்தில் கிடைக்க வேண்டும்.

நம்பத்தக்க கவனிப்பு கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் ஒரு தம்பதி, மருத்துவப் பரிசோதனையே செய்துகொள்ளாமல், ஆயிரம் பேருக்கு மேல் இருந்த வாட்ஸ்அப் குழுவின் வழிகாட்டுதலில் வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். சுகாதாரத் துறை போலீஸில் புகார் கொடுத்தது. அங்கே தாயும் சேயும் பிழைத்தார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தபோது ஓர் ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்தார். இவர்களை மூடர்கள் என்று திட்டுவது எளிது. புகார் கொடுப்பதும் அவசியம்தான். ஆயிரம் பேர் ஒரு குழுவில் சேர்ந்தது ஏன் என்று சுகாதாரத் துறை தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரசவ அறையில் கேள்வி கேட்டால் அதட்டல் கிடைக்கும், காரணம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டவர்களே இப்படிப்பட்ட குழுக்களுக்கு முதல் வாடிக்கையாளர்கள்.

காத்திருப்பைத் தாங்கவைப்பது ஆள்துணை. பிரசவம் முழுக்கக் கூடவே ஒருவர் இருந்தால் சிசேரியன் நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பிரசவ அறைக்குள் பெண் துணையை அனுமதிப்பதில் இந்தியாவுக்கே முன்னோடி. இருந்தும் பல தனியார் மருத்துவமனைகளில் அம்மாவும் அத்தையும் வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் துணை பயிற்சி பெற்ற செவிலியராகவும் இருக்கலாம். அதே 2019-21 ஆய்வின்படி தெலங்கானாவில் சிசேரியன் 60.7%, நம்மைவிட மோசம். சிசேரியனைக் குறைக்க அந்த மாநிலம் ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடு சேர்ந்து 2017இல் செவிலியர்களுக்குத் தொழில்முறை மருத்துவச்சிப் பயிற்சி தரத் தொடங்கியது; மத்திய அரசும் 2018இல் அதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பழைய மருத்துவச்சியைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு என்று இதை நினைத்துவிடக் கூடாது. தகுதி பெற்ற செவிலியருக்கு மேலும் ஒன்றரை ஆண்டுப் பயிற்சி கொடுத்து, இயல்பான பிரசவத்தை அவர் பொறுப்பில் விடுவது, சிக்கல் தெரிந்தால் மருத்துவரை அழைப்பது. மருத்துவர் தூங்கப் போனாலும் காத்திருப்பு நிற்காது.

இவற்றைச் செய்ய ஆண்டுகள் ஆகும். நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிசேரியன்களை முதல் பிரசவமா, முன்பு அறுவை நடந்ததா, வலி தானாக வந்ததா தூண்டப்பட்டதா என்று பத்து வகையாகப் பிரித்துக் கணக்கெடுக்கும் ராப்சன் முறையை ஒவ்வொரு மருத்துவமனையும் பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே கேட்டுக்கொண்டது. பிறப்புச் சான்றிதழுக்கே பிக்மி எண் கேட்கிற மாநிலம் இது. ஒவ்வொரு பிரசவமும் எப்படி நடந்தது என்பது அரசின் கணினியில் ஏற்கெனவே பதிவாகிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு மருத்துவமனையில், தலைப்பிரசவத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு வலி தூண்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் அறுவைக்குப் போனார்கள் என்ற இரண்டு எண்களை மாதாமாதம் இணையத்தில் போடுவதற்குப் புதுச் சட்டமோ புதுக் கருவியோ தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.